பங்காளி என்னும் பட்டம்

நெடுஞ்சாலை போட ஆகும் செலவை மத்திய சர்க்கார் ஒன்றே சுமப்பது நியாயமாகாது, சாலை எந்த ராஜ்யத்தின் வழியே போகிறதோ அந்த ராஜ்யமும், எந்த ஊரைச் சுற்றி வளைகிறதோ அந்த ஊரின் நகராட்சியும் தத்தம் சக்திக்கேற்பக் கைகொடுத்தாக வேண்டும் என்னும் அபிப்பிராயம், இன்று டில்லிக் காரியாலயங்களில் மட்டுமல்லாமல், பத்திரிகைத் தலையங்கங்களிலும், பொருளாதாரம் கற்றவர்கள் கூடும் சபைகளிலும், கட்சி பேதமின்றி அங்கீகாரம் பெற்றுவிட்டது. நிலத்தின் விலையில் கால் பங்கு கொடுத்தால்தான் சாலை அகலமாகும் என்று ஒரு ராஜ்யத்துக்கு நிபந்தனை விதிக்கப்பட்டால், அதைக் கேட்டுக் கொதிப்பவர்கள் சிலர். ‘அதில் என்ன தப்பு?’ என்று கேட்பவர்களே பலர்.

அந்தப் பலரை நோக்கியே இதை எழுதுகிறேன். செலவைப் பகிரவே கூடாது என்பது என் கட்சியில்லை. வரும்படியையும் தீர்மானிக்கும் அதிகாரத்தையும் தன் கையில் இறுக வைத்துக்கொண்டு, செலவை மட்டும் பிறர் தலையில் பங்கு வைக்கிறவர், அவர்களுக்குப் பங்காளி என்ற பட்டத்தைச் சூட்டினாலும், உண்மையில் அவர்களிடம் ஒரு புதிய வரியையே வசூலிக்கிறார் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எதிர்க்கட்சியாரின் நியாயங்கள் மூன்று. ராஜ்யங்களுக்கு நிதிக் கமிஷன் இப்போது தாராளமாகவே கொடுக்கிறது, ஆகையால் அவர்கள் கொடுக்கலாம் என்பது ஒன்று. தன் கைக்காசு போகாதவனுக்குப் பொறுப்பிராது, ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று செலவு செய்வான், ஆகையால் அவர்கள் கொடுக்கத்தான் வேண்டும் என்பது இரண்டாவது. சாலையால் பயனடைகிறவர்கள் அந்தப் பிரதேசத்து ஜனங்களே, ஆகையால் கொடுப்பதே தர்மம் என்பது மூன்றாவது. மூன்றும் கேட்ட மாத்திரத்தில் மனத்தில் பதிகிறவை. அதனாலேயே ஒவ்வொன்றையும் சற்று நிதானமாகப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கஜானாவைப் பார்ப்போம். சாலைக்கு யார் பணம் தருவது என்னும் கேள்வி நமக்குப் புதிதன்று. மோட்டார் வண்டிகள் பெருகத் தொடங்கிய 1920களில், மாகாண சர்க்கார்களும் ஜில்லா போர்டுகளும் கட்டைவண்டிக் காலத்து வருமானத்தைக் கொண்டு மோட்டார்க் காலத்துச் சாலைகளைப் பராமரிக்க முடியாமல் திணறின. அப்போது, 1927ல், எம்.ஆர். ஜெயகர் தலைமையில் நியமிக்கப்பட்ட கமிட்டி, மறு வருஷம் அளித்த அறிக்கையில், சாலை அபிவிருத்தி மாகாணங்களின் சக்தியையும் ஸ்தல ஸ்தாபனங்களின் சக்தியையும் மீறிவிட்டதென்றும், அது தேசத்துக்கே பொதுவான காரியமென்றும், பெட்ரோல் மீது கூடுதல் வரி விதித்து அந்தத் தொகையைச் சாலைக்கென்றே ஒதுக்க வேண்டுமென்றும் தெளிவாகச் சொல்லிற்று. அதன் பயனாக 1929ல் மத்தியச் சாலை நிதி பிறந்தது. சென்னை மாகாணத்தில் 1931ஆம் வருஷத்து மோட்டார் வாகன வரிச் சட்டம், ஸ்தல ஸ்தாபனங்கள் ஆங்காங்கே வாங்கிவந்த சுங்கத்தை நீக்கி, அதற்குப் பதிலாக மாகாணம் முழுவதற்கும் ஒரே வரியை ஏற்படுத்தியபோது, வருமானத்தை இழந்த அந்த ஸ்தாபனங்களுக்கு ஈடு கொடுக்கவும் ஏற்பாடு செய்தது. 1943ல் நாகபுரியில் கூடிய தலைமை இஞ்சினீயர்கள் சாலைகளைத் தேசிய, மாகாண, ஜில்லா, கிராமச் சாலைகள் என்று வகைப்படுத்தியதும் இதே பாதையில்தான். வரியை யார் வாங்குகிறாரோ அவரே சாலையைப் போடுவார். பிறர் வாங்கிய வரியைத் தாம் எடுத்துக்கொண்டால், அதற்கு உரிய பங்கைத் திருப்பித் தருவார். அந்தக் காலத்து நிர்வாகிகள் ஜனநாயகவாதிகள் அல்லர். ஆயினும் இந்த எளிய நியாயம் அவர்களுக்கு விளங்கியிருந்தது.

இன்றைய கணக்கு என்ன? நிதிக் கமிஷன் ராஜ்யங்களின் பங்கை 2015ல் நூற்றுக்கு 32லிருந்து 42ஆக உயர்த்திற்று. பின்னர் அது 41 ஆயிற்று. இதைக் காட்டித்தான், 2000ஆம் வருஷம் டிசம்பர் மாதம் முழுக்க முழுக்க மத்திய சர்க்காரின் செலவில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம்கூட, 2015–16 முதல் அறுபதுக்கு நாற்பது என்று மாற்றப்பட்டது. ஆனால் நூற்றுக்கு 41 என்பது எந்த நூற்றில் என்று கேட்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 270ஆவது ஷரத்துப்படி, செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் வசூலாகும் தொகையில் ராஜ்யங்களுக்குப் பங்கில்லை. 2021ல் சில மாதங்கள் பெட்ரோல் லிட்டருக்கு 32 ரூபாய் 90 காசு மத்தியக் கலால் வரி இருந்தது. அதில் 18 ரூபாய், சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ். ராஜ்யங்களோடு பகிர்வதற்குரிய அடிப்படைக் கலால் வரியோ 1 ரூபாய் 40 காசு. அந்த 1 ரூபாய் 40 காசில் நூற்றுக்கு 41 என்றால், தேசத்தில் உள்ள ராஜ்யங்கள் அனைத்துக்கும் சேர்த்து லிட்டருக்கு ஏறத்தாழ 57 காசு. பிற்பாடு அந்த செஸ் குறைக்கப்பட்டது உண்மை. ஆனால் குறைந்தபோதும் அதைக் கூட்டவும் குறைக்கவும் உரிய அதிகாரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

ராஜ்யங்களும் எரிபொருள் மீது தாமே வரி போடுகின்றனவே, மோட்டார் வாகன வரியும் அவற்றுக்குத்தானே என்று ஆட்சேபிக்கலாம். வாஸ்தவம், அந்த வருமானத்தைக் கொண்டுதான் அவை தங்கள் ராஜ்ய நெடுஞ்சாலைகளையும் ஜில்லாச் சாலைகளையும் பராமரிக்கின்றன. நகராட்சியையும் பஞ்சாயத்தையும் எடுத்துக்கொண்டால் அந்தச் சமாதானத்துக்கும் இடமில்லை. தேசத்தில் உள்ள நகர ஸ்தாபனங்கள் எல்லாவற்றின் வருமானமும் சேர்ந்து நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு ஒன்றை ஒட்டியே நிற்கிறது. பெட்ரோல் வரியிலோ, சுங்கச் சாவடியின் வசூலிலோ அவற்றுக்கு நேரான பாத்தியதை ஒரு காசுகூட இல்லை. சாலையின் பெயரால் வரும் பணம் எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்துகொண்டிருக்க, சாலையின் பெயரால் நீட்டப்படும் சீட்டு மட்டும் ஊர் ஊராகப் போவதற்குத் தாராளம் என்று பெயர் வைக்கலாகாது.

இனி இரண்டாவது நியாயம். பணம் போட்டவனுக்குப் பொறுப்பு வரும் என்கிறார்கள். பணம் போட்டும் பொறுப்பு வர வழியில்லாத ஒரு திருஷ்டாந்தத்தை நம் அண்டை ராஜ்யமே காட்டுகிறது. கேரளத்தில் கடற்கரையோரமாக, தலப்பாடி தொடங்கித் திருவனந்தபுரத்தைக் கடந்து போகும் தேசிய நெடுஞ்சாலை 66ஐ ஆறு வழியாக்குவதற்கு, அங்கே நிலத்தின் விலை மற்ற ராஜ்யங்களைவிட மிக அதிகம் என்னும் காரணத்தால், நிலச் செலவில் நாலில் ஒரு பங்கை ராஜ்யமே ஏற்க வேண்டுமென்று கேட்டார்கள். பல வருஷங்கள் தேங்கிக் கிடந்த காரியம் இனியாவது நடக்கட்டுமென்று, கேரள சர்க்காரும் 2019ல் சம்மதித்தது. அந்த வகையில் அது கொடுத்த தொகை சுமார் 5,580 கோடி ரூபாய். இந்தப் பணத்தைத் தன் உள்கட்டமைப்பு முதலீட்டு வாரியத்தின் மூலம் திரட்டிற்று. அந்த வாரியம் வாங்கும் கடனையோ மத்திய சர்க்கார் ராஜ்யத்தின் கடன் வரம்புக்குள் சேர்த்துக் கணக்கிட்டது. அதாவது, பங்கு கொடு என்று கேட்டவரே, பங்கு கொடுப்பதற்காக வாங்கும் கடனையும் சுருக்கினார். கடன் வரம்பு பற்றிய தகராறு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது.

அதுவாவது போகட்டும். 2025ஆம் வருஷம் மே மாதம் 19ஆம் தேதி, மலப்புறம் ஜில்லாவின் கூரியாடு என்னும் இடத்தில், தண்ணீர் தங்கும் நெல்வயலின் நடுவே மண்ணைக் கொட்டி உயர்த்திய கரையின் மேல் போட்டிருந்த அந்தப் புதுச் சாலை சரிந்து, பக்கத்திலிருந்த சேவைச் சாலையையும் பிளந்துகொண்டு இறங்கிற்று. வயலின் மண் அந்தப் பாரத்தைத் தாங்காது என்பது, மழைக்காலத்தில் அவ்விடத்தைப் பார்த்த எந்த விவசாயிக்கும் தெரிந்திருக்கக்கூடிய விஷயம். நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். ஒப்பந்தக்காரர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. மண்கரைக்குப் பதிலாகத் தூண்களின் மேல் பாலம் எழுப்ப முடிவாயிற்று. ஜனங்கள் ராஜ்ய சர்க்காரைக் கேட்டார்கள். அதுவோ, கட்டுமானம் முழுவதும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பு, தனக்கு அதில் பங்கில்லை என்று பதிலளித்தது. சட்டப்படி அந்தப் பதில் சரியே. ஆனால் அந்தப் பதிலே நம் எதிர்க்கட்சியாரின் வாதத்துக்கு மறுப்பாகவும் அமைந்துவிடுகிறது. நிலத்தில் கால் பங்கு கொடுத்தவருக்கு, அந்த நிலத்தின் மேல் மண்மேடா பாலமா என்று சொல்லும் உரிமை இல்லை. சரிந்து விழுந்தபோது பதில் சொல்லும் கடமையும் இல்லை. நாளை சாவடியில் விழும் சுங்கத்தில் பங்கும் இல்லை. இப்படிப்பட்டவரிடத்தில் பொறுப்பு எங்கிருந்து முளைக்கும்?

ராஜ்யம் கொடுத்தால் சிக்கனம் வரும் என்பதும் அனுபவத்துக்குப் பொருந்தவில்லை. துவாரகா விரைவுச் சாலைக்கு ஹரியானா சர்க்கார் 90 மீட்டர் அகலத்துக்கு நிலத்தை இலவசமாகவே ஒப்படைத்தது. அப்படியிருந்தும், மந்திரிசபை கிலோமீட்டருக்கு 18 கோடி 20 லட்சம் என்று அங்கீகரித்திருந்த இடத்தில், 250 கோடி 77 லட்சம் வரை அனுமதிக்கப்பட்டது என்று தலைமைத் தணிக்கை அதிகாரியின் 2023ஆம் வருஷத்து அறிக்கை சுட்டிக்காட்டிற்று. அங்கீகரித்த தொகை தேசம் முழுவதற்குமான சராசரி, இங்கோ எட்டு வழி மேம்பாலமும் சுரங்கப் பாதையும் சேர்ந்தன, ஆகவே ஒப்பிடுவது பொருந்தாது என்று மந்திராலயம் சமாதானம் சொன்னது. அந்தச் சமாதானத்தை முழுக்க ஏற்றுக்கொண்டாலும், பூமியின் மேல் போடுவதா ஆகாயத்தில் தூக்குவதா என்னும் தீர்மானம் நிலம் கொடுத்தவர் கையில் இருக்கவில்லை என்பது மாறாது. சிக்கனமும் ஊதாரித்தனமும் தீர்மானத்தில் பிறக்கின்றன, சந்தாவில் பிறப்பதில்லை.

பிறர் பணத்தில் ஊதாரித்தனம் உண்டாகும் என்னும் பயம் வீண் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்தின் நடுவே ஓடிய உயர்சாலையைப் பூமிக்கடியில் கொண்டுபோன பெருந்திட்டம், 280 கோடி டாலர் என்று தொடங்கி 1,400 கோடியைத் தாண்டி முடிந்ததற்கு, வாஷிங்டன் கொடுக்கும் என்ற நம்பிக்கையும் ஒரு காரணம் என்றே பலர் சொல்லுகிறார்கள். ஆனால் அதே தேசத்தின் சரித்திரத்தில் மற்றொரு பாடமும் இருக்கிறது. 1916 முதல் அங்கே சாலைச் செலவு மத்திய சர்க்காருக்குப் பாதி, ராஜ்யத்துக்குப் பாதி என்றே இருந்துவந்தது. தேசம் முழுவதையும் இணைக்கும் 40,000 மைல் நெடுஞ்சாலை வலைக்கு 1944லேயே சட்டம் அனுமதி கொடுத்தும், அதற்கென்று தனிப் பணம் ஒதுக்காததால் அது காகிதத்திலேயே தங்கிற்று. 1952ல் பாதிக்குப் பாதி என்று கொஞ்சம் ஒதுக்கினார்கள், 1954ல் மத்தியப் பங்கை அறுபதாக்கினார்கள், அப்போதும் வேகம் பிறக்கவில்லை. 1956ல் ஐஸனோவர் காலத்துச் சட்டம், நூற்றுக்குத் தொண்ணூறை மத்திய சர்க்காரே ஏற்கும் என்றும், பெட்ரோல் வரியைத் தனி நிதியில் போட்டு அதிலிருந்தே கொடுக்கும் என்றும் வகை செய்த பிறகுதான் அந்த வலை நிஜமாகவே பூமியில் விரிந்தது. அதே தொண்ணூறு விழுக்காடு, ஏழைகளின் குடியிருப்புகளை இடித்துக்கொண்டு நகரங்களின் வயிற்றைக் கிழித்துப் போன சாலைகளுக்கும் காரணமாயிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயின் அந்தக் கேட்டுக்குப் பரிகாரம், இடிபடும் குடியிருப்பின் ஜனங்களைச் சபையில் உட்காரவைத்து அவர்கள் சொல்லைக் கேட்பதே தவிர, அவர்களிடம் பத்து விழுக்காட்டுக்குப் பதில் ஐம்பது விழுக்காடு வசூலிப்பது அல்லவே.

மூன்றாவது, பயனடைகிறவன் கொடுக்க வேண்டும் என்பது. இதுவே எதிர்க்கட்சியாரின் பலமான வாதம். இதில் உள்ள உண்மையை ஒப்புக்கொண்டே மேலே செல்ல வேண்டும். புறவழிச்சாலை வந்தால் அதன் ஓரத்து நிலம் விலை ஏறுகிறது. பத்திரப் பதிவில் ராஜ்யத்துக்கு வருமானம் கூடுகிறது. புதிய கிடங்கும் ஹோட்டலும் எழும்புகின்றன. ஆனால் பெரிய லாபம் யாருக்கு? வரைபடம் வெளியாகும் முன்பே வாசனை பிடித்து, ஏக்கர் கணக்கில் வாங்கிப் போட்டவருக்கு. அவரிடம் விலை உயர்வில் ஒரு பகுதியை மேம்பாட்டு வரியாக வாங்குங்கள் என்றால் அது பயனடைந்தவனிடம் வாங்குவதாகும். அதை விட்டு ராஜ்யத்தின் பொதுக் கஜானாவிலிருந்து வாங்கும்போது, அந்தச் சாலையை ஆயுளில் ஒருமுறைகூடக் காணாத மலைக்கிராமத்தானும் சேர்ந்தே கொடுக்கிறான்.

சாலையை ஒட்டியே வாழ்கிறவனின் பயனையும் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து தெற்கே போகும் சரக்கு லாரிக்கு நான்கு வழிச்சாலை சில மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அதே சாலை எந்தக் கிராமத்தை இரண்டாகப் பிளக்கிறதோ, அந்தக் கிராமத்துப் பையன் எதிர்ப்புறத்துப் பள்ளிக்கூடம் போகச் சுரங்கப்பாதைக்காக நெடுந்தூரம் சுற்றுகிறான், அல்லது நடுத்தடுப்பைத் தாண்டிக் குதிக்கிறான். வயலுக்கு நீர் போன வாய்க்கால் மேட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மழை பெய்தால் சாலையின் தண்ணீர் தெருவுக்குள் இறங்குகிறது. மேம்பாலத்தின் கீழே எரியும் விளக்கின் மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று நகராட்சிக்கும் ஆணையத்துக்கும் கடிதப் போக்குவரத்து நடக்கிறது. தூரத்துக்காரன் பெறும் பயனுக்காக அண்டையில் இருப்பவன் அனுபவிக்கும் அசௌகரியத்தைப் பற்று வரவில் எழுதினால், பல ஊர்களுக்கு ஆணையமே பாக்கிக்காரராக நிற்கும்.

நியாயத்தை விட்டு, காரியம் நடப்பதைப் பற்றி மட்டும் பேசுவோம் என்றாலும், இந்த ஏற்பாடு சிலாக்கியமானதாக இல்லை. சென்னைக்கு வடக்கே, துறைமுகங்களுக்குப் போகும் சரக்குக்காகத் திட்டமிட்ட எண்ணூர்–மணலி சாலை அபிவிருத்தித் திட்டத்தில் நெடுஞ்சாலை ஆணையம், சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம், தமிழ்நாடு சர்க்கார் என்று நான்கு பங்காளிகள் சேர்ந்து ஒரு கம்பெனியே அமைத்தார்கள். 1990களின் கடைசியில் பேச்செடுத்த காரியம், பத்து வருஷத்துக்கு மேலும் வேலை ஆரம்பமாகாமல் நின்றது. குடியிருப்புகளை அகற்றுவது, மறுவாழ்வு என்று காரணங்கள் பல உண்டு. ஆயினும், ஒவ்வொரு முறை மதிப்பீடு உயர்ந்தபோதும், உயர்ந்த தொகையை நான்கு சபைகளிலும் நான்கு முறை அங்கீகரித்தாக வேண்டியிருந்ததும் அவற்றில் ஒன்று. அதற்குள் திருவொற்றியூர்ச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நின்றன; ஓட்டுநர்கள் வண்டியின் நிழலிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்து, அடியிலேயே படுத்து, பகலையும் இரவையும் கழித்தார்கள்.

எல்லாருக்கும் ஒரே விழுக்காடு என்பது சமத்துவம்போல் தோன்றினாலும், தன் பங்கைச் சட்டென்று எடுத்து வைக்கக்கூடிய செல்வ ராஜ்யத்துக்குச் சாலையும் அதோடு மத்தியப் பணமும் முந்தி வருகின்றன. வைக்க முடியாத ஏழை ராஜ்யம் சாலையையும் இழந்து, அந்தச் சாலையின் மூலம் வந்திருக்கக்கூடிய மத்தியப் பணத்தையும் இழக்கிறது. வடகிழக்கு ராஜ்யங்களுக்கும் இமயமலை ராஜ்யங்களுக்கும் கிராமச் சாலைத் திட்டத்தில் தொண்ணூறுக்குப் பத்து என்று விலக்கு அளித்தபோது, இந்தக் குறையைச் சர்க்காரே ஒப்புக்கொண்டுவிட்டது. ஏழ்மை மலையில் மட்டும்தான் வசிக்கிறதா?

அப்படியானால் பகிர்வது எப்படி? சாலை யாருக்காகவோ அவர் வகையில் செலவைப் பிரிக்க வேண்டும். ராஜ்யங்களைத் தாண்டி ஓடும் போக்குவரத்துக்கான பிரதானப் பாதையும் அதற்கு வேண்டிய நிலமும் மத்திய நிதியின் பாரம். அந்த நிதிக்கென்றே செஸ்ஸும் சுங்கமும் இருக்கின்றன. சாலை ஊரைப் பிளப்பதால் அவசியமாகும் சுரங்கப்பாதை, வடிகால், சேவைச் சாலை ஆகியவையும் அந்தப் பாரத்திலேயே அடங்க வேண்டும். காயத்தை உண்டாக்கியவரே மருந்துச் செலவைத் தர வேண்டும். அதற்கு மேல், தன் சந்தைக்கோ தொழிற்பேட்டைக்கோ தனி இறக்கம் வேண்டும், அழகான விளக்கு வேண்டும் என்று ஊர் விரும்பினால், அது ஊரின் செலவு; அதில் நகராட்சி தாராளமாகப் பங்கு கொடுக்கட்டும். பிரதானப் பாதையின் நிலச் செலவிலும் ராஜ்யத்திடம் கால் பங்கு கேட்டுத்தான் தீருவோம் என்றால், அந்தக் கால் பங்கு நன்கொடையாக இல்லாமல் முதலீடாக எழுதப்பட வேண்டும்: சுங்க வசூலில் அதே விகிதத்தில் வருஷந்தோறும் வரவு, வடிவமைப்பை அங்கீகரிக்கும் சபையில் ஓட்டு, கட்டுமானத்தைப் பரிசோதிக்க ராஜ்யத்தின் சொந்த இஞ்சினீயருக்கு அதிகாரம், அந்தத் தொகைக்காக வாங்கிய கடனுக்கு வரம்பிலிருந்து விலக்கு.

கேரளமே சமீபத்தில், எறணாகுளம் புறவழிச்சாலையிலும் கொல்லம்–செங்கோட்டைச் சாலையிலும், நிலச் செலவில் பங்கு தருவதற்குப் பதிலாகக் கட்டுமானப் பொருள்கள் மீதுள்ள தன் ஜி.எஸ்.டி. பங்கையும் ராயல்டியையும் விட்டுக்கொடுக்க முன்வந்திருக்கிறது. ரொக்கமாகக் கொடுப்பதைவிட இது சுலபமாக இருக்கலாம். ஆனால் வருமானத்தை விட்டுக்கொடுத்தவருக்கும் சபையில் ஆசனம் கிடைக்கவில்லை என்றால், நோய் அப்படியே இருக்கப் பத்தியத்தை மட்டும் மாற்றியதாகவே முடியும்.

‘அதில் என்ன தப்பு?’ என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். அடுத்த முறை ஒரு ராஜ்யத்திடமோ ஒரு நகராட்சியிடமோ சாலைக்குப் பங்கு கேட்டு ஒப்பந்தம் நீட்டப்படும்போது, அதில் எத்தனை விழுக்காடு என்று எழுதியிருக்கும் பத்தியை மட்டும் படித்து நிறுத்தாமல், சுங்கம் யாருக்கு, வரைபடத்தில் கையெழுத்து யாருடையது, கரை சரிந்தால் பதில் யார் சொல்வது என்னும் மூன்று பத்திகளையும் தேடிப் பாருங்கள். அவை இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுப்பதற்கு, ஜனங்கள் தேர்ந்தெடுத்த எந்த சர்க்காருக்கும் எந்த நகராட்சிக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையைப் பிரயோகிக்கிறவர்களை வளர்ச்சிக்கு விரோதி என்று தூற்றுவதை நம் தலையங்கங்கள் இனியாவது நிறுத்த வேண்டும்.